மூன்று கல் வைத்தவன்

உலகத்தில் எத்தனையோ பொய்கள் இருக்கின்றன. "முடிஞ்சிடுச்சு மேடம்" என்பதைப் போல வசதியான பொய் எதுவும் கிடையாது. சொன்ன நிமிஷத்தில் சொல்கிறவருக்கும் நிம்மதி, கேட்கிறவருக்கும் நிம்மதி. நான் அதை ஒரு திங்கட்கிழமை காலையில், தின்ற இட்லி செரிப்பதற்குள், வெகு சாதாரணமாகச் சொன்னேன். அதன் பலனாக இரண்டு வாரம் கழித்து ஒரே நாளில், அரை மணி நேரத்துக்குள், இரண்டு இடங்களிலிருந்து தள்ளி வைக்கப்பட்டேன். ஒன்று, கடல் தாண்டிய ஒரு நாட்டில் இருக்கும் உயிரியல் தகவல் களஞ்சியம். இன்னொன்று, ஜவ்வாது மலையில் இருக்கும் ஒரு பாறை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒப்பந்த வேலை. சாமைப் பயிர் தண்ணீர் இல்லாமல் எப்படித் தாக்குப் பிடிக்கிறது என்பது எங்கள் மேடத்தின் ஆராய்ச்சி. சாமையிலிருந்து பொறுக்கிய நாலாயிரம் ஜீன்களின் பட்டியல் ஒன்று என்னிடம் இருந்தது. அந்த ஒவ்வொரு ஜீனும் செடிக்குள் எந்த வேலைக்குப் போகிறது, யாரோடு சேர்ந்து போகிறது என்று கண்டுபிடித்து ஒரு அட்டவணை போட வேண்டும். இதற்கென்றே உலகத்தில் களஞ்சியங்கள் இருக்கின்றன. சர்க்கரை எப்படி உடைகிறது, கொழுப்பு எப்படிச் சேர்கிறது என்று உயிருக்குள் நடக்கும் வேலைகளை எல்லாம் வட்டமும் அம்புக்குறியுமாக வரைபடம் போட்டு வைத்திருப்பார்கள்.

நாலாயிரம் ஜீனையும் ஒவ்வொன்றாகத் தட்டித் தேடினால் கல்யாண வயது தாண்டிவிடும். அதனால் ஏபிஐ என்று ஒரு வசதி உண்டு. ரேஷன் கடை ஜன்னல் மாதிரி. நாம் எழுதும் புரோகிராம் அந்த ஜன்னலில் போய் நின்று, "இந்த ஜீன் எந்த வழியில் போகிறது?" என்று கேட்கும். பதில் வரும். அடுத்ததைக் கேட்கும். ஒரே ஒரு விதிதான். ஒரு விநாடிக்கு ஒரு கேள்விக்கு மேல் கேட்கக் கூடாது. மாதிரிக்கு அவர்கள் கொடுத்திருந்த புரோகிராமிலேயே, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் ஒரு விநாடி தூங்கு என்று ஒரு வரி இருந்தது. கணக்குப் போட்டால் மொத்தம் அறுபத்தேழு நிமிஷம். ஓடவிட்டு ஒரு டீ, ஒரு வடை, கொஞ்சம் ஊர்க்கதை. வேலை முடிந்தது.

இந்த அறுபத்தேழு நிமிஷ வேலையைத்தான் நான் இரண்டு வாரமாகச் செய்யாமல் இருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். மேடம் கேட்டே நான் சொல்லவில்லை. "முடிஞ்சிடுச்சு மேடம்" என்றேன். அந்தக் கூட்டத்தில் ஏழு பேர் இருந்தார்கள், எல்லோரும் என்னைப் பெருமையாகப் பார்த்தார்கள். (பார்த்ததாக நான் நினைத்துக்கொண்டேன்.)

பிறகு சாமை விதை மாதிரி வாங்கி வர ஜவ்வாது மலைக்கு யாராவது போக வேண்டும் என்றபோது கையைத் தூக்கினேன். என் அக்கா கவிதா அந்த மலையில் ஒரு சின்ன ஊரில் ஆரம்பப் பள்ளி டீச்சர். (ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அவள் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.) நான்கு நாள் அக்கா வீட்டில் சாப்பாடு, பக்கத்து நிலங்களில் விதை, நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அந்த அட்டவணை என்பது திட்டம். ஊரில் செல்போன் சிக்னல் கிடையாது என்பதை அக்கா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதை நான் என்றைக்குக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்?

மூன்றாம் நாள், புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக்குத் திட்ட ஆய்வுக் குழு எங்கள் நிறுவனத்துக்கு வருகிறது. மேடம் அவர்கள் முன்னால் களஞ்சியத்தைத் திரையில் திறந்து, என் அட்டவணையை வைத்துப் பேசப் போகிறார். அதைப் பார்த்துவிட்டுத்தான் திட்டம் அடுத்த வருஷம் தொடருமா என்று முடிவு செய்வார்கள். திட்டம் நின்றால் என் வேலை நின்றது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பாறைக்குப் போய்ப் பார்த்தபோது மேடத்தின் செய்தி வந்து கிடந்தது. "பிரபு, அட்டவணையை நாளைக்குப் பன்னிரண்டு மணிக்குள் அனுப்பு."

பாறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊருக்கு மேற்கே, கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி ஒரு பாறை. டவர் பாறை என்று பெயர். அதன் உச்சியில் முறம் அகலத்துக்கு ஓரிடம். அங்கே உட்கார்ந்து கிழக்கே பார்த்தால் நாலு கோடு சிக்னல். முகத்தை மேற்கே திருப்பினால் போய்விடும். இரண்டு பேர் உட்கார இடமில்லை. ஊரே அங்கேதான் பேசியாக வேண்டும். அதனால் ஊருக்கு ஒரு முறை இருந்தது. பாறை அடியில் ஒரு நீளத் திட்டு. வருகிறவர்கள் ஆளுக்கொரு கல் கொண்டுவந்து அதில் வரிசையாக வைப்பார்கள். முதல் கல்லுக்கு உரியவர் ஏறுவார். ஒரு ஏற்றத்துக்கு ஒரு போன். பேசி முடித்து இறங்கியதும் தன் கல்லை எடுத்துவிட வேண்டும். இன்னொரு போன் பேச வேண்டுமா? மறுபடி கடைசியில் கல்லை வை. போன் பேச்சு எப்படியும் முடிந்துவிடும், ஆனால் இண்டர்நெட்டுக்கு முடிவே கிடையாது என்பதைக் கண்டுபிடித்து, இண்டர்நெட் பார்க்கிறவர்களுக்கு மட்டும் பத்து நிமிஷம் என்று வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்துக்கொள்வது செல்லம்மாக்கா. பாறைக்கு அடுத்த வீடு. நாற்பத்தைந்து வயதிருக்கும். சாமையும் கொள்ளும் போடுவார், ஏழெட்டு ஆடு. யாரும் அவரை நியமிக்கவில்லை. வாசலில் உட்கார்ந்தால் கல் வரிசை தெரிகிறது, அதனால் பார்த்துக்கொள்கிறார். யாராவது இண்டர்நெட்டுக்கு ஏறினால் தன் போனில் பத்து நிமிஷ அலாரம் வைப்பார். அலாரச் சத்தம் சேவல் கூவல். கூவியதும் இறங்காதவரை அவரே கூவி இறக்குவார்.

புதன்கிழமை காலை எட்டே முக்காலுக்கு லேப்டாப்போடு போனேன். கணக்குப் போட்டேன். எனக்கு வேண்டியது அறுபத்தேழு நிமிஷம். கிடைப்பது பத்து. அக்கா அப்போதுதான் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மாமா (அக்காவின் கணவர், பைக்கில் மளிகை கொண்டுவந்து விற்கிறவர்) ஒடுகத்தூருக்குச் சரக்கெடுக்கப் போயிருந்தார். அவர்களுடைய கற்கள் வீட்டு வாசலில் சும்மா கிடந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன். அக்காவுடையது வெள்ளைச் சுண்ணாம்பு அடித்த ஜல்லி. மாமாவுடையது உடைந்த குழவியின் முனை. எனக்கு விருந்தாளிக் கல் என்று ஒரு கூழாங்கல்லைச் செல்லம்மாக்காவே கொடுத்திருந்தார். வீட்டுக்குப் போய் அவற்றை எடுத்துவந்து, யாரும் பார்க்காத நேரத்தில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தேன். படித்த மூளை அல்லவா.

மூன்று கல் வைத்தால் அரை மணி நேரம். அப்போதும் பாதிக் கேள்விதான் முடியும். கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால்தானே நேரமாகும்? ஒரே நேரத்தில் ஐம்பது பேர் போய் அந்த ஜன்னலை அடைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி புரோகிராமை மாற்றினேன். ஒரு விநாடி தூங்கு என்ற வரிக்கு முன்னால் ஒரு # குறி போட்டேன். அந்தக் குறியைப் போட்டால் கம்ப்யூட்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. கோவிந்தண்ணன் என்று ஒரு புளி வியாபாரி எனக்குப் பின்னால் அரைச் செங்கல்லை வைத்துவிட்டு, என் திரையை எட்டிப் பார்த்தார். அதில் ஒரு வரைபடம் திறந்திருந்தது.

"இன்னா தம்பி, பஸ் ரூட்டா?"

"அந்த மாதிரிதாங்கண்ணே. செடிக்குள்ள சத்து போற ரூட்டு."

"ஒடுகத்தூரு எங்க கீது?"

நான் குளுக்கோஸ் இருக்கும் வட்டத்தைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, கூட்டம் ஜாஸ்திதான் என்று ஒப்புக்கொண்டார்.

ஒன்பதே காலுக்கு என் கூழாங்கல் முதலில் வந்தது. ஏறினேன். கிழக்கே பார்த்து உட்கார்ந்து, மடியில் லேப்டாப், பக்கத்தில் போன். எங்கள் நிறுவனத்துக்குத்தான் களஞ்சியத்தில் பதிவு இருந்தது. அதனால் எங்கே இருந்தாலும் நிறுவனத்தின் இணைப்புக்குள் நுழைந்து அதன் வழியாகத்தான் கேட்க வேண்டும். நான் பாறையில் உட்கார்ந்து தட்டினாலும், அவர்கள் கண்ணுக்குக் கேட்பது எங்கள் நிறுவனம். (புரோகிராமை நிறுவனத்து சர்வரிலேயே ஓடவிட்டுவிட்டு நான் இறங்கிப் போய்த் தூங்கியிருக்கலாம் என்று பிற்பாடு ஒரு ஜூனியர் பையன் சொன்னான். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

முதல் இருபது நிமிஷம் சிக்னல் வருவதும் போவதுமாகவே கழிந்தது. நடுவில் ஒருமுறை சேவல் கூவியது. இறங்கி, கூழாங்கல்லை எடுத்து ஓரம் வைத்தேன். அடுத்த கல் அக்காவுடையது. "அக்கா சார்பா நான்" என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிவிட்டு மறுபடி ஏறினேன். மறுபடி சேவல். மாமாவின் குழவிக்கல். அப்போதுதான் சிக்னல் நிலையாக நின்றது. புரோகிராமை ஓடவிட்டேன்.

அந்த முப்பது விநாடி என் வாழ்க்கையின் பொற்காலம். எண்கள் பறந்தன. இருநூறு, அறுநூறு, தொள்ளாயிரம். பாறை உச்சியில் காற்று வேறு. நான் இந்த உலகத்தையே ஏமாற்றிவிட்டேன் என்று வாய்விட்டுச் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டில் எண் நின்றது. பிறகு ஒவ்வொரு வரியிலும் 403, 403, 403. உனக்கு இங்கே அனுமதி இல்லை என்பதற்குக் கம்ப்யூட்டர் பாஷை. கூடவே ஒரு மடல் வந்தது. "உங்கள் நிறுவனத்திலிருந்து அளவுக்கு மீறிய கேள்விகள் வந்ததால் நிறுவனம் முழுவதற்கும் அனுமதியை நிறுத்தியிருக்கிறோம். விளக்கம் இருந்தால் இந்த மடலுக்கே பதில் எழுதவும்."

நிறுவனம் முழுவதற்கும். எனக்கு மட்டும் இல்லை. இரண்டு மணிக்கு மேடம் ஆய்வுக் குழு முன்னால் களஞ்சியத்தைத் திறப்பார். திரையில் 403 வரும்.

அதே நேரத்தில் கீழே சேவல் இல்லாமலே ஒரு கூவல் கேட்டது.

"ஏ டீச்சர் தம்பி! எறங்கு கீழ!"

செல்லம்மாக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் அக்காவின் வெள்ளை ஜல்லி.

"டீச்சரு இஸ்கூல்ல பாடம் நடத்திக்கினு கீறாங்க. அவங்க கல்லு இங்க இன்னா பண்ணுது? ஒன் மாமன் ஒடுகத்தூரு போயி ஒரு மணி நேரம் ஆவுது. அவரு கல்லு நடந்து வந்துச்சா?"

"அக்கா, ஒரு அவசரம்ங்க..."

"அவசரம் ஒனக்கு மட்டுந்தான் கீதா? எம்மவ கலசப்பாக்கத்துல மாசமா கீறா. இன்னிக்கு டாக்டரண்ட போறா. ஒம்பதரைக்கு போன் பண்றேன்னு சொல்லிகிறா. நான் எங் கல்ல வெச்சிக்கினு ஒம்பது மணிலேந்து குந்திகிறேன். மூணு கல்லு வெச்சிட்டு நீ மேல குந்திக்கினு சிரிக்கற!"

மணி ஒன்பதே முக்கால். வரிசையைப் பார்த்தேன். குழவிக்கல்லுக்கு அடுத்து கோவிந்தண்ணனின் செங்கல்கூட இல்லை, செல்லம்மாக்காவின் கறுப்புக் கல்தான் இருந்தது. மகளிடமிருந்து வருகிற போன் என்று கோவிந்தண்ணன் விட்டுக்கொடுத்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. வேலை போகப்போகிற பயத்தையும் தாண்டி, நிஜமாகவே வெட்கமாக இருந்தது. "அங்கயும் என்னை வெளிய தள்ளிட்டாங்கக்கா" என்றேன்.

"எங்க?"

விதியைச் சொன்னேன். விநாடிக்கு ஒரு கேள்வி, நான் ஐம்பது பேர் மாதிரி போய் நின்றது, அவர்கள் கதவைச் சாத்தியது, இரண்டு மணிக் கூட்டம். எல்லோரும் வட்டமாக நின்று கேட்டார்கள். செல்லம்மாக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அங்க யாரு கல்லு பாக்கறது?"

"தெரியலங்க. யாரோ இருப்பாங்க."

"யாரா இருந்தா இன்னா. நல்லா பாக்கறாங்க."

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். என் எதிரியின் பெயர்கூடத் தெரியாத ஊர், ஒரே நிமிஷத்தில் முழுக்க அவர்கள் பக்கம் போய்விட்டது.

கள்ளக் கல் வைத்தால் அந்த ஊரில் ஒரு தண்டனை உண்டு. பாறை மேல் ஏறி நின்று செய்த தப்பை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். பிறகு பொழுது சாய்கிற வரை அவனே கல் வரிசையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது இருக்கிற வரிசையில் அவன் கல்லுக்குக் கடைசி இடம். நான் கெஞ்சினேன். களஞ்சியத்துக்கு ஒரு பதில் மடல் மட்டும் அனுப்பிக்கொள்கிறேன் என்றேன்.

"தப்ப சொல்லத்தான ஏறப்போற? அப்பவே அனுப்பிடு. ஆனா இன்னா எழுதிகிறன்னு மொதல்ல படிச்சிக் காட்டு."

செல்லம்மாக்கா மேலே போய் மகளோடு பேசப் பார்த்தார், மகள் எடுக்கவில்லை. டாக்டரிடம் உள்ளே போயிருப்பாள். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி, எனக்கு எதிரில் உட்கார்ந்தார். நான் லேப்டாப்பில் ஆங்கிலத்தில் எழுதித் தமிழில் படித்தேன்.

"எதிர்பாராத தொழில்நுட்பக் காரணங்களால் தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு..."

"எதிர்பாராததா? நீதான பண்ண?"

"ஆமாங்க."

"அப்பறம் இன்னாத்துக்கு சுத்தற? பண்ணேன்னு போடு."

கோவிந்தண்ணனும் சேர்ந்துகொண்டார். "எதுக்கு அவசரம்னு அவங்க கேப்பாங்களே. அத்தயும் போடு." இப்படி ஆளாளுக்குத் திருத்தி, என் கட்டுப்பாட்டை விட்டுப் போன மடலின் கடைசி வடிவம் இது.

"ஐயா அல்லது அம்மா, உங்கள் விதியை நான் படித்தேன். படித்த பிறகுதான் மீறினேன். காத்திருக்கச் சொல்லும் வரியை நானே அணைத்தேன். ஐம்பது பேர் கேட்கிற மாதிரி ஒருவனே கேட்டேன். இந்த வேலை முடிந்துவிட்டதாக இரண்டு வாரத்துக்கு முன்பே என் மேடத்திடம் பொய் சொல்லியிருந்தேன், அதனால்தான் அவசரம். சிக்னலுக்காக நான் உட்கார்ந்திருக்கும் பாறையிலும் ஒரு கல் வைப்பதற்குப் பதில் மூன்று கல் வைத்தேன். இங்கேயும் என்னை இறக்கிவிட்டார்கள். எங்கள் நிறுவனத்தில் வேறு யாரும் தப்பு செய்யவில்லை. மேடத்துக்கு இரண்டு மணிக்கு முக்கியமான கூட்டம். அவர்களுக்காகவாவது திறந்துவிடுங்கள். இங்கே வரிசை பார்க்கும் திருமதி செல்லம்மா, நீங்கள் செய்ததுதான் சரி என்று சொல்லச் சொன்னார்."

கடைசி வரி அவருடைய நேரடி உத்தரவு. எடுக்க முடியவில்லை.

பத்தே முக்காலுக்கு ஏறி நின்று, "நான் மூணு கல்லு வெச்சேன்" என்று ஊரைப் பார்த்துக் கத்தினேன். "கேக்கல!" என்றது ஒரு குரல். மறுபடி கத்தினேன். கேட்டவர் எதிர்ப்பக்கத்து நிலத்தில் ஏரோட்டிக்கொண்டிருந்தவர். பிறகு மடலை அனுப்பினேன். படபடப்பில் எந்தப் பொத்தானை அழுத்தினேன் என்று பார்க்கவில்லை. சேவல் கூவியது, இறங்கிவிட்டேன்.

கீழே வந்து, சிக்னல் இல்லாத லேப்டாப்பில் அனுப்பிய மடலைச் சும்மா திறந்து பார்த்தேன். 'பெறுநர்' என்ற இடத்தில் இரண்டு முகவரிகள் இருந்தன. ஒன்று களஞ்சியம். இன்னொன்று மேடம். எங்கள் நிறுவனத்தின் சார்பில் களஞ்சியத்தில் பதிவு செய்திருப்பவர் மேடம்தான். அதனால் எச்சரிக்கை மடல் அவருக்கும் போயிருக்கிறது. நான் 'எல்லோருக்கும் பதில்' கொடுத்திருக்கிறேன்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போன் செய்து ஏதாவது உளறலாம் என்றால் என் கூழாங்கல்லுக்கு முன்னால் ஒன்பது கல். ஒரு கல்லை நகர்த்தினால் போதும். வரிசை பார்ப்பவனே நான்தான். ஆனால் ஊரே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டரை மணி நேரம், "அண்ணே நீங்க ஏறுங்க, ஆயா நீங்க அடுத்தது" என்று சொல்லிக்கொண்டே, மேடம் அந்த மடலைப் படிக்கும் முகத்தை விதவிதமாகக் கற்பனை செய்தேன். 'பொய் சொல்லியிருந்தேன்' என்ற இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார் என்பது உறுதி. கோவிந்தண்ணன் தன் முறை வந்ததும் ஏறி, படவேட்டில் யாரிடமோ ஒரு மூட்டைப் புளிக்காகக் கால் மணி நேரம் சண்டை போட்டார். ஒரு போன் என்றால் ஒரு போன்தானே.

ஒன்றேகாலுக்கு என் கூழாங்கல் முன்னால் வந்தது. கூட்டத்துக்கு முக்கால் மணி நேரம். எனக்கு அடுத்து நின்றது, செல்லம்மாக்கா பிற்பாடு மறுபடி வைத்த கறுப்புக் கல். அவர் வாசலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று தோன்றியது. நான் கறுப்புக் கல்லை எடுத்து என் கல்லுக்கு முன்னால் வைத்தேன். என் வாழ்க்கையில் நானாக விட்டுக்கொடுத்த முதல் வரிசை அது. நல்லது செய்த பெருமையில் ஒதுங்கி உட்கார்ந்தேன்.

செல்லம்மாக்கா ஏறினார். மகள் எடுத்தாள். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். பாறை மேலிருந்து அவர் சிரிப்பதைக் கேட்டதும் எனக்கும் நிம்மதி. இனி இறங்குவார் என்று எழுந்து நின்றேன். அவர் இறங்கவில்லை. மருமகன் எப்படி இருக்கிறான், மாமியார் என்ன சொன்னாள், நேற்று என்ன குழம்பு, அதில் ஏன் கத்திரிக்காய் போட்டாள், மாசமாக இருக்கிறவள் கத்திரிக்காய் தின்னலாமா, இங்கே செவலை ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்றுக்குக் காலில் வெள்ளை. மணி ஒன்றரை. ஒன்று முப்பத்தைந்து. கீழே நான் நின்ற இடத்திலேயே குதித்தேன். ஒரு போனுக்கு நேரக்கணக்கு இல்லை. அந்த விதியைக் காப்பாற்ற வேண்டியவன் நான்.

ஒன்று ஐம்பதுக்கு இறங்கினார். "போ தம்பி, எதுக்கு நின்னுகினு கீற?"

பறந்து ஏறினேன். போன் துடித்தது. மேடத்திடமிருந்து நான்கு செய்திகள். முதலாவது, "பிரபு, இங்கே யாருக்கும் களஞ்சியம் திறக்கவில்லையாமே, உனக்குத் திறக்கிறதா?" இரண்டாவது, "மடலைப் படித்தேன்." மூன்றாவது, "போனை எடு." நான்காவது, "செல்லம்மா யார்?"

அதற்கும் கீழே களஞ்சியத்தின் பதில் இருந்தது. ஒன்று இருபதுக்கே வந்திருக்கிறது. (அப்போது மேலே கத்திரிக்காய் ஓடிக்கொண்டிருந்தது.) "வழக்கமாக எல்லோரும் அது தாங்கள் இல்லை என்றுதான் எழுதுவார்கள். தடையை நீக்கிவிட்டோம். இனி கேள்விக்கு ஒரு விநாடி இடைவெளி விடுங்கள். திருமதி செல்லம்மாவுக்கு எங்கள் நன்றி."

மேடத்துக்குப் போன் போட்டேன். நான் பேசுவதற்குள் அவர் பேசினார்.

"திறந்துடுச்சு, பார்த்துட்டேன். வந்த வரைக்கும் எனக்கு அனுப்பிட்டு, நீ வேற எதையும் தொடாதே."

"மேடம், மீதி ஜீனை இப்பவே ஒரு நிமிஷத்துல..."

"தொடாதே பிரபு! அந்த அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"கீழ இருக்காங்க மேடம். இங்க ரெண்டு பேர் ஏறக்கூடாது."

"ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். ஆய்வுக் குழு கதவைத் தட்டுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, எங்கள் மேடம், ஜவ்வாது மலையில் ஒரு பாறையின் அடிவாரத்தோடு பேசினார்.

"அம்மா, நாளைக்குக் காலையில வரைக்கும் இவனை லேப்டாப் தொட விடாதீங்க!"

"செரிங்கம்மா!" என்று கீழேயிருந்து செல்லம்மாக்கா கத்தினார். "எனக்கும் கல்லு பாக்க ஆளு வோணும். வெச்சிக்கறேன்!"

கூட்டத்தில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மேடம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு ஜீனோடு எழுந்து நின்று, மீதி இன்னும் வரவில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். மேடம் மடலைத் திறந்து அப்படியே திரையில் காட்டிவிட்டார். அதைப் படித்து முடித்த குழுத் தலைவர் ரொம்ப நேரம் சிரித்தாராம். முழு அட்டவணையோடு அடுத்த மாதம் வாருங்கள் என்று தள்ளி வைத்தார்கள். திட்டம் பிழைத்தது.

சென்னை திரும்பிய அன்று மேடம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, எதிரில் உட்கார வைத்து, # குறியை அழிக்கச் சொன்னார். புரோகிராம் ஓட ஆரம்பித்தது. டீ கிடையாது, வடை கிடையாது, போன் கிடையாது. கையை மடியில் வைத்துக்கொண்டு எண்கள் ஒவ்வொன்றாக ஏறுவதை அறுபத்தேழு நிமிஷம் பார்த்தேன். முடிந்ததும், "முடிஞ்சிடுச்சு மேடம்" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இன்றைக்கும் எங்கள் நிறுவனத்தில் கேள்விகளுக்கு நடுவே காத்திருக்கச் சொல்லும் அந்த வரிக்கு 'செல்லம்மா' என்றுதான் பெயர். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் புரோகிராமை ஓடவிடும் முன், பக்கத்தில் இருப்பவர் "செல்லம்மா போட்டியா?" என்று கேட்பார். அவர்கள் அது ஏதோ ஆங்கிலச் சொல் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள்.

என் கல்யாணத்துக்கு மலையிலிருந்து ஒரு ஜீப் நிறைய ஆட்கள் வந்தார்கள். பரிசு கொடுக்க மேடையேறும் வரிசை மண்டப வாசல் வரைக்கும் நின்றது. செல்லம்மாக்கா தன் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் முந்தாமல் அந்த வரிசையில் நின்று வந்து, ஒரு சின்ன அட்டைப் பெட்டியை என் மனைவியின் கையில் கொடுத்தார். நகைப் பெட்டி என்று நினைத்து அவள் அங்கேயே திறந்தாள். உள்ளே கம்பியால் இறுக்கிக் கட்டிய மூன்று கற்கள். ஒரு கூழாங்கல், ஒரு வெள்ளை ஜல்லி, ஒரு குழவி முனை.

"இன்னாதும்மா இது?" என்று என் மாமியார் கேட்டார். செல்லம்மாக்கா மைக்கை வாங்கி, ஏறி நின்று சொல்ல வேண்டியதை எனக்குப் பதிலாக மண்டபத்துக்கே சொன்னார்.

அந்தக் கட்டு இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. மனைவி பேசும்போது நான் குறுக்கே புகுந்தால், அவள் பேச்சை நிறுத்தாமலே அதை எடுத்து என் முன்னால் வைப்பாள். நேற்று அவளிடம், இந்தக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன், எழுதி முடித்தாயிற்று என்றேன். என் மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். நான்கு வயது. கற்களை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கி என் பக்கம் நகர்த்திவிட்டு, "நெஜமாவே முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். இல்லை, கடைசிப் பத்தி பாக்கி இருந்தது.